தானாக நின்ற சத்தம்

"மேஸ்திரி, தானா நின்னு போன சத்தத்துக்குப் பயப்படணுங்களா?"

அத்தாயி இப்படிக் கேட்டபோது சடையப்பன் ஒரு லாரியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"எந்த வண்டிங்கக்கா?"

"எங்க வண்டிதானுங்க."

"யாரு ஓட்டறப்ப நின்னுச்சு?"

"வேற யாரு ஓட்டப் போறாங்க? எங்க வீட்டுக்காரருதான்."

பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்காக ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. எடுத்துக் கொடுத்தாள்.

சடையப்பனின் பட்டறை கொல்லிமலை அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது. அங்கிருந்து உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலையில் விளைகிற அன்னாசியும் பலாவும் மிளகும் அந்த எழுபதையும் சுற்றித்தான் கீழே வந்தாக வேண்டும். அப்படி ஏறி இறங்குகிற வண்டிகளுக்கு என்ன நோவு வந்தாலும் முதலில் சடையப்பன் வாசலில்தான் வந்து நிற்கும்.

அத்தாயிக்கு நாற்பத்தெட்டு வயது. மேஸ்திரி அவளைவிட ஏழு வயது சின்னவர். அதனால் குருவானாலும் அவர் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவள் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள். கழற்றிப்போட்ட சாமான்களை டீசலில் கழுவிக் கொடுக்கத்தான் முதலில் பட்டறைக்கு வந்தாள். அக்கா கழுவின இரும்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று பக்கத்துப் பஞ்சர் கடை மாதேசன் கேலி செய்வான்.

ஒரு நாள் கழுவிக்கொண்டிருந்த பல்சக்கரத்தைக் காட்டி, "இது என்னத்துக்குங்க?" என்று கேட்டாள். மேஸ்திரி பேசாமல் இன்னொரு பல்சக்கரத்தை எடுத்து வந்து அதோடு கோத்து, அவள் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். அன்றைக்கு அவள் சிஷ்யை ஆனாள். மூன்று வருசம் ஆகிறது. இந்த மூன்று வருசத்தில் அவர் எதையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டால் பதிலுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். வேலையில் பதில் இருக்கும். சில நாள் இருக்காது.

அவளுடைய கவலை இதுதான்.

அவள் கணவன் பெரியண்ணன் ஓட்டுகிற லாரிக்கு இருபத்தாறு வயது. நாலு மாதம் முன்பு அதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது ஒரு 'டொக்'. திரும்ப மிதிக்கும்போது இன்னொரு 'டொக்'. வண்டியின் வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. மத்தியானம் சாலை அடங்கியிருக்கிற நேரத்தில் பட்டறை வாசலில் நின்றால் கடைசிப் பதினோரு வளைவுகளின் சத்தம் கீழே கேட்கும். வளைவுக்கு ஒன்று என்று அவள் எண்ணுவாள். பதினொன்று முடிந்தால் லாரி கண்ணுக்குத் தெரியும்.

"மேஸ்திரிகிட்ட ஒருக்கா காட்டுங்க மாமா" என்று கெஞ்சினாள்.

"பழைய வண்டி புள்ள. எலும்பு சொடக்குது. உனக்கு முட்டி சொடக்கலயா?" என்றார் பெரியண்ணன்.

பிறகு, போன மாதம், பதினொன்று ஏழாயிற்று. ஏழு மூன்றாயிற்று. இருபது நாளாக ஒன்றுமே இல்லை. லாரி பூனை மாதிரி இறங்கி வந்து நின்றது.

"பாத்தியா? தானா சரியாப் போச்சு" என்று அவர் சிரித்தார்.

எல்லோருக்கும் சந்தோஷம். அத்தாயிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இரும்பு தானாகத் தேயும், தானாகத் துருப்பிடிக்கும். தானாகச் சரியாகி அவள் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தச் சத்தம் எங்கே போயிருக்கும்? எதற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கும்?

நாளைக்கு அவளுடைய நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. குலசாமி கோயில் அடிவாரத்தில். மலைமேலிருந்து இருபத்து மூன்று பேர் பெரியண்ணனின் லாரியில் நின்றுகொண்டு இறங்கி வருவதாகப் பேச்சு. காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தைக்குப் பதினோரு மாதம். சாயங்காலமே வண்டி மேலே போய்விட வேண்டும்.

"மேஸ்திரி" என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

சடையப்பன் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். பெரியண்ணனின் லாரி அங்கேதான் நின்றிருந்தது. பெரியண்ணன் மாதேசன் கடை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாங்களாண்ணா?" என்றார் மேஸ்திரி.

மூன்று பேரும் ஏறினார்கள். பெரியண்ணன் ஓட்ட, மேஸ்திரி நடுவில், அத்தாயி ஓரத்தில். ஐந்தாவது வளைவு வரை ஏறி, திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். அத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரைத் தகட்டில் பாதத்தை அழுத்தி, காதைக் கூர்மையாக்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டதாகவே தெரியவில்லை. அவர் பார்வை கீழே, பெரியண்ணனின் கால்களில் இருந்தது.

பட்டறைக்கு வந்ததும் பெரியண்ணன் குதித்து இறங்கினார். "என்னுங்க மேஸ்திரி, சத்தம் கேட்டுச்சா? இவ காதுலதான் ஏதோ பூந்திருக்கு. அதக் கழட்டிப் பாருங்க."

மாதேசன் அங்கிருந்தே சிரித்தான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "அக்கா, பின்சக்கரத்துக்கிட்ட கைய வெச்சுப் பாருங்க. தொட்டுறாதீங்க" என்றார்.

கையைக் கொண்டுபோனாள். அடுப்பில் காய்கிற தோசைக்கல்லுக்கு நேராகப் பிடித்த மாதிரி இருந்தது. கூடவே பிரேக் லைனிங் கருகுகிற வாசம். அந்த வாசம் அவளுக்குப் புதிதில்லை. இருபது நாளாகக் கணவர் வேட்டியில் வந்துகொண்டிருந்த வாசம்தான். யாரோ வழியில் குப்பை எரிக்கிறார்கள் போல என்று நினைத்திருந்தாள்.

"அஞ்சு வளைவுக்கு இவ்வளவு சூடுங்களா?" என்றாள்.

மேஸ்திரி சாவியை அவளிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்கக்கா."

"நானுங்களா? எனக்குப் பட்டறைக்குள்ள முன்னப் பின்ன நவுத்தத்தானுங்களே தெரியும்?"

"அது போதும்."

மாதேசன் எழுந்து நின்றுவிட்டான். "அக்கோவ்! ஒரு நிமிசம் பொறு. ரோட்டுல மேயற ஆட்டையெல்லாம் புடிச்சுக் கட்டிப்போட்டுக்கறேன்!"

அவள் ஏறி உட்கார்ந்தாள். பெரியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். முதல் வளைவுக்கு முன்னால் சாலை லேசாக ஏறி லேசாக இறங்கும். அதுவரைக்கும்தான்.

கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். எப்போதும் போல வெடுக்கென்று எடுத்தாள்.

டொக்!

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பயந்து ஆக்சிலேட்டரை விட்டாள். டொக். மறுபடி மிதித்தாள். டொக். கியர் மாற்றினாள். டொக், டொக். இருபது நாளாக ஒளிந்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்து விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பயத்திலா, நிம்மதியிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இவ ஓட்டறது ஓட்டறதா? கியரப் போட்டு ஒடைக்கறா!" என்று பெரியண்ணன் கத்தினார். "எம்மாதிரி ஓட்டினா வராது மேஸ்திரி!"

"வராதுங்கண்ணா" என்றார் மேஸ்திரி. "இவங்களுக்கு அந்த மாதிரி ஓட்டத் தெரியலீங்க."

பெரியண்ணன் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினார். கொஞ்ச நேரம் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னு பண்ணலீங்க" என்றார். "கால் அதுவாப் பழகிக்கிச்சு. வளைவு வந்தா கிளட்ச மிதிச்சுக்குவேன். பிரேக்குலயே எறக்கிருவேன். கியர்ல எறக்குனாத்தானுங்க அடிக்குது."

மலை இறங்கும்போது வண்டியை இழுத்துப் பிடிப்பது கியர்தான். பிரேக் அதற்குத் துணை. கிளட்சை மிதித்துவிட்டால் மொத்தச் சுமையும் பிரேக்கில் போய் உட்காரும். சூடு ஏறினால் பிரேக் பிடிக்காது. இருபது நாள். நாளுக்கு எழுபது வளைவு. அத்தாயி கணக்குப் போடப் பார்த்து, பாதியில் பயந்து விட்டுவிட்டாள்.

"ஏன் மாமா? ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

"தெனமும் பட்டறை வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டு இருக்கியே" என்றார் அவர். "எறங்கி வந்து உன் மொகத்தப் பாக்க முடியல புள்ள. அதான்."

தான் வாசலில் நிற்காமல் இருந்திருந்தால் அவர் அந்தச் சத்தத்தோடேயே இறங்கியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"கழட்டுங்கக்கா" என்றார் மேஸ்திரி. "நீங்களே பாத்து மாட்டுங்க. வண்டி மேல போலாமா வேண்டாமான்னும் நீங்களே சொல்லுங்க." சொல்லிவிட்டு, பாதியில் விட்ட லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதுவரை அவள் எந்த வண்டிக்கும் 'போகலாம்' என்று வார்த்தை கொடுத்ததில்லை. முதல் வார்த்தையே தன் வீட்டு வண்டிக்கா என்று இருந்தது.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். கியரை நியூட்ரலில் விட்டாள். வண்டிக்கு அடியில் போய், இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். பட்டறையில் அதற்கு ஜாயிண்ட் என்று பேர். தண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். நடு பேரிங்கில் இல்லை. கியர் பெட்டிப் பக்கத்தில் இல்லை. பின் முனையில், தண்டும் அச்சும் சேர்கிற இடத்தில் இருக்கிற கிராஸில் இருந்தது. கூட்டல் குறி மாதிரி இருக்கிற ஒரு சின்ன இரும்புதான் கிராஸ். மொத்தச் சுமையையும் அதுதான் திருப்பி விடும்.

ஜாயிண்டின் பின்பகுதி இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல்லோடு பல் கோத்து நுழைந்திருக்கும். பிரிக்கும்போது எந்தப் பல் எதோடு சேர்ந்திருந்ததோ, திரும்பவும் அதோடுதான் சேர்க்க வேண்டும். அதற்காகப் பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டுக்கும் குறுக்கே ஒரு குறி போடுவார்கள். மேஸ்திரி உளியை வைத்து ஒரு கொத்துக் கொத்துவார். அத்தாயிக்கு நல்ல இரும்பைக் கொத்த மனசு வராது. சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். அன்றைக்கும் இழுத்தாள்.

கழற்றிப் பார்த்தால், கிராஸின் ஒரு முனையில் ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங், பொடியாகி, செந்தூரம் போலக் கொட்டியது.

"இங்க பாருங்க" என்று உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்க் காட்டினாள். பெரியண்ணன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுக் கிராஸ் வந்தது. அது வருவதற்குள் பிரேக் டிரம்களைக் கழற்றி, கருகின லைனிங்கை எல்லாம் மாற்றியிருந்தாள். பழைய கிரீஸும் மண்ணுமாக இருந்த தண்டை அப்படியே மாட்ட அவளுக்கு மனசு ஒப்பவில்லை. டீசலில் முக்கி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, இரண்டு துண்டையும் பளபளவென்று சாக்கின்மேல் வைத்தாள். பிறகு சேர்ப்பதற்காகக் கையில் எடுத்தாள்.

கோடு இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இரும்பில் அவள் முகம்தான் தெரிந்தது.

மணி மூன்றரை. மேலே இருபத்து மூன்று பேருக்கு வண்டி வேண்டும். கணவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாதேசன் பஞ்சர் ஒட்டுகிற சாக்கில் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான். சொன்னால் இன்னும் பத்து வருசத்துக்கு இதுதான் பேச்சு. கழுவ வந்தவள் குறியையும் சேர்த்துக் கழுவிவிட்டாள் என்று சிரிப்பான். இப்படித்தான் இருந்தது என்று கண்ணுக்குப் பட்ட இடத்தில் பல்லைக் கோத்தாள். தண்டு உள்ளே நுழைந்துகொண்டது. ஒரு பல் தள்ளியிருந்தாலும் அப்படித்தான் நுழையும்.

மற்ற லாரியின் அடியிலிருந்து குரல் வந்தது.

"குறி பாத்துச் சேத்தீங்களாக்கா?"

"ம்" என்றாள்.

போல்ட்டுகளை முடுக்கினாள். கிரீஸ் அடித்தாள். கட்டைகளை எடுத்தாள்.

பெரியண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவர் கிளட்சை மிதிக்கவில்லை. இரண்டாவது கியரிலேயே ஐந்து வளைவும் இறங்கினார். அந்தச் சுத்தியல் அடி போயே போய்விட்டது. பிறகு சமவெளியில் வேகம் கூட்டினார். நாற்பதைத் தாண்டியபோது அத்தாயியின் உள்ளங்காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. தரைத் தகடு லேசாக நடுங்கியது. வேகம் குறைந்ததும் நின்றுவிட்டது.

"மாமா, ஏதாவது தெரியுதுங்களா?"

"என்ன தெரியுது? வண்டி புதுசு மாதிரி இருக்கு புள்ள! நாந்தான் முட்டாப்பய மாதிரி நாலு மாசம் இழுத்தடிச்சுட்டேன்."

அவர் இத்தனை சந்தோஷமாகப் பேசி ரொம்ப நாளாயிற்று. அவள் காலைத் தரையிலிருந்து தூக்கிச் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். அப்போது நடுக்கம் தெரியவில்லை.

பட்டறை வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். பெரியண்ணன் இன்ஜினை நிறுத்தவில்லை. "அப்படியே மேல கெளம்பறேனுங்க மேஸ்திரி. நேரமாச்சு."

மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை.

"விடலாங்களாக்கா?"

அத்தாயி இறங்கி நின்றாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்தாள்.

"சத்தம் நின்னுருச்சுங்க" என்றாள்.

"எப்படி நின்னுச்சு?"

காலையில் அவள் கேட்ட கேள்விக்குள்ளேயே அவள் போய் நின்றாள். பதினோரு மாதக் குழந்தையை ஒரு முறைதான் தூக்கியிருக்கிறாள். அன்றைக்கு அது அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அந்தப் பிஞ்சு விரல் இப்போது நினைவுக்கு வந்தது.

"வண்டிய நிறுத்துங்க மாமா" என்றாள். "எறங்குங்க. குறி பாத்துச் சேக்கலீங்க மேஸ்திரி. போட்ட கோட்ட நானே கழுவிட்டேன். குருட்டாம்போக்குல மாட்டியிருக்கேன். நாப்பதுக்கு மேல போனா நடுங்குது. காலத் தூக்கி மேல வெச்சுக்கிட்டேன்."

பெரியண்ணன் இன்ஜினை அணைத்தார். மாதேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினான்.

மேஸ்திரி கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரே அளவில் இரண்டு நேரான இரும்புக் கம்பிகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

திரும்பவும் கட்டை. திரும்பவும் நியூட்ரல். திரும்பவும் கழற்றினாள். ஜாயிண்டைச் சாக்கின்மேல் படுக்கவைத்து, இரண்டு முனைகளிலும் கவை மாதிரி இருக்கிற இடத்திலிருந்து கிராஸைத் தட்டி எடுத்தாள். அந்தக் கவைகளின் ஓட்டைகளில் முனைக்கு ஒரு கம்பியாக மேஸ்திரி நுழைத்தார். பிறகு தரையில் மண்டிபோட்டு, ஒரு முனையிலிருந்து பார்க்கும்படி கை காட்டினார்.

அத்தாயி மண்டிபோட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கிட்டத்துக் கம்பி நேராக இருந்தது. தூரத்துக் கம்பி அதற்குப் பின்னாலிருந்து சாய்ந்து எட்டிப் பார்த்தது. ஒரு பல். ஒரே ஒரு பல்தான் தள்ளியிருந்தது.

உருவி, ஒரு பல் திருப்பிக் கோத்தாள். மறுபடி பார்த்தாள். தூரத்துக் கம்பி கிட்டத்துக் கம்பிக்குப் பின்னால் போய் முழுசாக மறைந்துகொண்டது.

உளியை எடுத்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு இரண்டு துண்டுக்கும் குறுக்கே ஒரே போடு போட்டாள். பளபளத்த இரும்பில் ஒரு வடு விழுந்தது.

மாட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது.

"மேஸ்திரி, நான் 'ம்'னு சொன்னப்பவே நீங்க வந்து பாத்திருக்கலாமுங்களே?"

"குறி பாத்தீங்களான்னு தட்டிப் பாத்தேனுங்கக்கா" என்றார் அவர். "சத்தம் வரல. அதான் வாசல்ல நின்னு மறுபடி தட்டினேன்."

அத்தாயி ஸ்பேனரை அடுத்த போல்ட்டில் மாட்டினாள்.

வண்டியை இந்த முறை அவளே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மேஸ்திரி. ஓட்டினாள். வெடுக் வெடுக்கென்றுதான் ஓட்டினாள். பிறகு பெரியண்ணன் சமவெளியில் நாற்பதைத் தாண்டி ஐம்பதுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தகட்டில் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் இல்லை.

ஆனால் திரும்பி வந்து, முதல் வளைவில் ஏறி இரண்டாவது கியரில் இறங்கும்போது, பின்பக்கம் அடியிலிருந்து மெல்லிசாக ஒன்று கேட்டது.

டொக்.

பழைய அடி இல்லை. மரக்கதவில் விரல் முட்டியால் ஒரு முறை தட்டின மாதிரி.

பட்டறைக்கு வந்ததும் அவளே போய்ப் படுத்தாள். தண்டைத் திருகினாள். கிராஸில் ஆட்டம் இல்லை. நடு பேரிங் அசையவில்லை. போல்ட்டுகள் கெட்டியாக இருந்தன. பின் அச்சுக்குள் இருக்கிற பல்சக்கரங்களில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், அரை விரல் அகலம் மட்டும் தண்டு அப்படியும் இப்படியும் போய் வந்தது. மேஸ்திரி பக்கத்தில் வந்து படுத்தார். அவரும் ஒரு முறை திருகிப் பார்த்தார்.

"இருபத்தாறு வருசத் தேய்மானமுங்கக்கா. இந்த அளவு இருக்கும்" என்றார். "ஒடையற பல் இல்ல."

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பெரியண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அத்தாயி கை கழுவிக்கொண்டு, தானும் கூட மேலே போவதாகச் சொல்லி, ஏறுகிற படியில் ஒரு காலை வைத்தாள். வைத்த காலை எடுத்தாள். மேஸ்திரியிடம் திரும்பி வந்தாள்.

"நான் வார்த்தை கொடுக்கணுமுங்களா?"

"கொடுங்க."

"போலாமுங்க" என்றாள். சொன்ன பிறகும் அங்கேயே நின்றாள். "ஆனா சத்தம் இருக்குதுங்களே மேஸ்திரி."

"இருக்குது."

"இருபத்து மூணு பேருங்க. கைக்குழந்தை இருக்குதுங்க."

"ஆமாங்க."

"கியர்ல எறக்குனா எழுபது வளைவுலயும் கேக்குமுங்களே?"

"கேக்கும்" என்றார் சடையப்பன். "உக்காந்து எண்ணிக்கிட்டே வாங்க. எழுபதுல ஒண்ணு கொறஞ்சாலும் வண்டிய நிறுத்திருங்க."